மூன்று பத்தி மரியாதை

"ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்புறதுக்கு இங்கிலீஷ்ல நல்ல வார்த்தையா நாலு சொல்லுங்க சார்" என்று போன மாதம் கலைச்செல்வி போன் செய்தார். நான் ஓய்வு பெற்றபோது மில்லில் என் நாற்காலிக்கு வந்தவர். இப்போது வேறொரு கம்பெனியில், ஆள் எடுக்கும் பிரிவில் பெரிய பதவி. எடுப்பதற்கு வார்த்தை நிறைய இருக்கிறதாம், அனுப்புவதற்குத்தான் பஞ்சமாம். "எதைப் போட்டாலும் உறைக்குது சார். உறைக்காத மாதிரி ஒண்ணு வேணும்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது, என்மேல்தான். ஏனென்றால் அந்த அம்மாள் கேட்டு முடிப்பதற்குள் என் வாயில் பத்துப் பன்னிரண்டு தொடர்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. பிள்ளைகளின் பிறந்தநாள் மறந்துபோகிற இந்த வயதில் அந்த எழவு மட்டும் மறக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். இது அவருக்குப் பயன்படாது.

நான் ஒரு ஸ்டெனோ. மதுரைக்கு மேற்கே ஒரு நூற்பாலையில் முப்பது வருஷம் மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதைத் தட்டிக் கொடுத்தவன். டி. கல்லுப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸேறி வந்து பசுமலையில் டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் படித்தேன்; இரண்டு பரீட்சை தேறினேன்; எழுபதுகளின் தொடக்கத்தில் மில் கேட்டுக்குள் நுழைந்தேன். என் படிப்பு அவ்வளவுதான். மீதியை அங்கே இருந்த ஹெட்கிளார்க் கற்றுக் கொடுத்தார். தாளை மெஷினில் மாட்டும் முன்பே டெஸ்பாட்ச் ரிஜிஸ்தரில் நம்பர் போட்டுவிட வேண்டும் என்பது அவர் சட்டம். வெளியே போகும் கடிதம் எதுவானாலும் யாருக்கு, என்ன விஷயம், என்ன நம்பர் என்று ரிஜிஸ்தரில் ஏறிய பிறகுதான் தட்டலாம். இல்லையென்றால், "இது என்ன மொட்டைக் கடுதாசியா, அனுப்புனவன் பேரு இல்லாம போறதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்துவார். ஒரு மாதம் கத்தினார். அதற்குப் பிறகு நம்பர் போடாமல் என் விரல் ஒரு எழுத்தைக்கூடத் தொடாது என்று ஆகிவிட்டது.

ஆட்கள் விவகாரம் பார்க்கும் எங்கள் பர்சனல் மேனேஜர் சிதம்பரநாதன். வெளுத்த சட்டை, மெல்லிய குரல். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். அதிகக் கோபம் என்றால் இரண்டு தடவை துடைப்பார். அவரிடம் சிவப்புக் காலிக்கோ அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. வேண்டாதவர்களை விலக்குவதற்கு இங்கிலீஷில் என்னென்ன சொல்வழக்கு உண்டோ, அத்தனையையும் அதில் எழுதி வைத்திருந்தார். நான் சேர்ந்த இரண்டாம் வாரமே அதை எனக்குத் திறந்து காட்டினார். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: வாசலைக் காட்டு. சாக்குப் பையைக் கொடு. பூட்ஸைக் கொடு. பட்ட மரத்தை வெட்டு. களையைப் பிடுங்கு. மேய்ச்சலுக்கு விடு. தங்கக் கைகுலுக்கு. மாடிக்கு உதை.

"இதெல்லாம் நம்ம மனசுக்குள்ள, மிஸ்டர் சுந்தரம். லெட்டர்ல ஒண்ணுகூட வரக்கூடாது. லெட்டர்ல பூவும் சந்தனமும் மட்டும்தான் இருக்கணும்" என்றார்.

நம் ஊரில் ஒருவனுக்கு வேலை போனால் சீட்டைக் கிழிச்சிட்டாங்க என்போம், கல்தா கொடுத்துட்டாங்க என்போம். ஆகாத உறவைத் தலைமுழுகுவோம். அடங்காத பிள்ளையைத் தண்ணி தெளித்து விடுவோம். வேண்டாத விவகாரத்தைக் கைகழுவுவோம். பலவற்றில் கொஞ்சம் தண்ணீர் செலவாகும், ஆனால் விஷயம் சம்பந்தப்பட்டவனுக்கு விளங்கிவிடும். மேனேஜருக்கு அதுதான் பிடிக்காது. விளங்கினால் அழுவார்கள், அழுதால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் யூனியன் வரும்.

ஆகவே ஆளுக்குத் தகுந்தபடி ஒரு முறை வைத்திருந்தார். தினக்கூலி ஆட்களுக்குக் கடிதமே கிடையாது. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் "நாளைக்கு வராதே" என்று சொன்னால் முடிந்தது. நிரந்தரத் தொழிலாளிக்கு விசாரணையெல்லாம் நடத்தி இரண்டு பத்தி. ஆபீஸ் சிப்பந்திக்கு மூன்று பத்தி. முதல் பத்தியில் நன்றி, இரண்டாவதில் வருத்தம், மூன்றாவதில் எதிர்காலத்துக்கு வாழ்த்து. கழுத்தில் விழும் வெட்டு இரண்டாம் பத்தியின் நடுவில், ஒரு கமாவுக்கும் இன்னொரு கமாவுக்கும் இடையில் பதுங்கி இருக்கும். அந்த ஆளின்மேல் எரிச்சல் எம்புட்டோ, புகழ்ச்சியும் அம்புட்டு. கடிதம் கொடுக்கும்போது தன் அறையில் உட்காரவைத்து, சாசர் வைத்த கோப்பையில் காபி வேறு கொடுப்பார். கொஞ்ச நாளில் மில் முழுக்க இது தெரிந்துபோனது. "மாப்ள, உனக்கு காப்பி சொல்லியிருக்காராம்டா" என்று கேண்டீனில் ஒருவனை ஒருவன் பயமுறுத்திக்கொண்டார்கள்.

இந்த மூன்று பத்தி மரியாதையால் ஒருமுறை பெரிய கூத்தாகிப்போனது. டைம் கீப்பர் அருளானந்தத்துக்கு வயதாகி, வருகைப் பதிவில் தப்பு விழுந்துகொண்டே இருந்தது. அவருக்குத் தங்கக் கைகுலுக்கல், அதாவது மாலை மரியாதையோடு வீட்டுக்கு அனுப்புவது, என்று முடிவாயிற்று. சனிக்கிழமை மாலை ஏலக்காய் மாலை, சால்வை, எல்லோரும் நின்று ஒரு போட்டோ. நான் தட்டிய கடிதத்தில் அவர் சேவையை மில் என்றைக்கும் மறவாது என்று ஒரு வரி. மனுஷன் கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டிபன் கேரியரோடு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்!

மேனேஜர் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார். "அவர் எதுக்கு வந்திருக்கார்னு கேளுங்க."

போய்க் கேட்டேன். "எதுக்கா? வேலைக்குத்தாய்யா" என்றார். "இருவத்தஞ்சு வருசம் முடிஞ்சதுக்குத்தானே மாலை போட்டீங்க? லெட்டரைக் கண்ணாடி போட்டு மாட்டியாச்சுய்யா. மருமகன் வந்து பாத்துட்டு, கவர்னரு லெட்டரு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போறாரு."

அவரை ஒரு ஓரமாகக் கூட்டிப்போய்த் தமிழில் நான்கு வார்த்தை சொன்னேன். மூன்று பத்திக் கடிதத்துக்கு நான்கே வார்த்தைதான் தேவைப்பட்டது. கேரியரைக் கையில் எடுத்தார். "சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டுப் போகலாமா, இல்ல இப்பவே போகணுமா?" என்று கேட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். மணி எட்டரைகூட ஆகவில்லை, உட்கார்ந்து சாப்பிட்டார்.

அன்றைக்கு மேனேஜர் ஒரு புது உத்தரவு போட்டார். இனிமேல் கடிதத்தை நானே ஆளிடம் கொடுத்து, வாசித்து, தமிழில் அர்த்தம் சொல்லி, கையெழுத்து வாங்க வேண்டும். ஆளை அனுப்புவதும் அடுத்தவன் வாயால்தான் நடக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். எனக்கு அது பதவி உயர்வு மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

இப்போது முத்துக்கருப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வாடிப்பட்டிப் பக்கத்து ஆள். எங்கள் மில்லில் பிட்டர். ஓடும் மெஷின் பக்கம் காதைச் சாய்த்து நின்றாலே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். அவருக்கு ஒரே மகள், பசுமலையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். சாயங்காலம் கேட்டில் என்னைப் பார்த்தால் அவளைப் பற்றித்தான் பேச்சு. "இங்கிலீசு புஸ்தகத்தைச் சத்தம் போட்டுப் படிக்குதுப்பா, மாடு மிரளுது" என்று சொல்லிச் சிரிப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பஞ்சைச் சிக்கெடுக்கும் மெஷினில் பெல்ட் மேல் இருக்க வேண்டிய தகர மூடி இல்லாமல், அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு இரண்டு விரல் போனது. அவள் கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார்கள், நான்தான் தட்டினேன். முத்துக்கருப்பன் அந்த மெஷினை ஓடவிடமாட்டேன் என்று சுவிட்சை அணைத்துவிட்டு நின்றார். "மூடியைப் போடுங்க, ஓட விடுறேன். அந்தப் புள்ளை சோத்தை எப்பிடிப் பெசையும்னு யாராச்சும் நெனச்சீங்களா?" மூடி வந்தது. ஆனால் பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது, அது முந்தாநாள்தான் வந்தது என்ற உண்மையையும் சொல்லிவிட்டார்.

அவரை அனுப்பியாக வேண்டும். ஆனால் நிரந்தரத் தொழிலாளி, யூனியன் பின்னால் நிற்கிறது, தப்பு ஒன்றும் இல்லை. மேனேஜர் சிவப்பு நோட்டைப் புரட்டவே இல்லை. "மாடிக்கு உதைச்சிரலாம்" என்றார்.

அதன் வழி இதுதான். அவரை அசிஸ்டன்ட் சூப்பர்வைசர் ஆக்குவது. ஆக்கிவிட்டால் அவர் தொழிலாளி இல்லை, ஆபீசர், யூனியன் கேட்காது. பழைய பிட்டர் வேலை மேல் உரிமையை விட்டதாகவும், ஆறு மாதச் சோதனைக் காலத்துக்குள் நிர்வாகம் காரணமும் நோட்டீசும் இல்லாமல் விலக்கலாம் என்றும் கடிதத்தில் ஒரு வரி. ஆறு மாதம் முடியப்போகும்போது, தகுதி போதவில்லை என்று இன்னொரு கடிதம். அந்த இரண்டாவது கடிதத்தையும் அப்போதே தட்டித் தரச் சொன்னார். "தேதி மட்டும் போடாதீங்க. அப்புறம் போட்டுக்கலாம். ஒரே மூட்ல எழுதினாத்தான் நடை ஒண்ணா வரும்."

தட்டினேன். இரண்டும் ஒரே உட்காரலில். இரண்டாவதை உறையிலிட்டுத் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

பதவி உயர்வுக் கடிதத்தை மெஷின் ஓடும் ஷெட்டுக்கு நான்தான் கொண்டுபோனேன். கையை வேஸ்ட் பஞ்சில் துடைத்துத் துடைத்து எண்ணெய் போகாமல், கடைசியில் இரண்டு விரல் நுனியால் வாங்கிப் பார்த்தார். திருப்பி என்னிடமே கொடுத்தார். "படிங்க தம்பி. எல்லாத்தையும் படிங்க." சுற்றி நான்கைந்து பேர் நின்றார்கள். நான் இங்கிலீஷை வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நன்றியைச் சொன்னேன். உழைப்பைப் பாராட்டியதைச் சொன்னேன். அந்த வரி வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மேனேஜர் டிராயரில் இருப்பதும் ஞாபகம் வந்தது, என் வீட்டில் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி இருப்பதும் ஞாபகம் வந்தது. அந்த வரியைத் தாண்டி வாழ்த்துக்குப் போய்விட்டேன்.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

"அம்புட்டுத்தான்ணே."

கையெழுத்துப் போட்டார். மறுநாள் எல்லோருக்கும் பால்கோவா வந்தது. எனக்குத் தனியாக ஒரு பொட்டலம்.

ஷெட்டில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் அதில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையைக் கழற்றி அதில் தொங்கவிட்டுவிட்டு, பழையபடி மெஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்தார். ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது மேனேஜர் டிராயரைத் திறந்தார். தேதியை மட்டும் தட்டச் சொல்லி, வார்த்தைகளை ஒருமுறை ரசித்துப் படித்தார். காபி சொன்னார்.

அந்தக் கடிதத்தை வாசிக்க என்னை விடவில்லை முத்துக்கருப்பன். காபியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "யூனியன்ல சொல்றேன்" என்று எழுந்தார். "அண்ணே, நீங்க இப்ப யூனியன் இல்லண்ணே" என்றேன். அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுவும் அந்த லெட்டர்ல இருந்துச்சா?" என்று கேட்டார்.

தகுதி போதாதவர் என்று ஒரு மில் எழுதிக் கொடுத்தால் இன்னொரு மில் எடுக்காது. வாடிப்பட்டியில் பம்ப்செட் ரிப்பேர் பார்த்தார். மகள் இரண்டாம் வருஷத்தோடு காலேஜை நிறுத்திவிட்டாள் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு மறுநாள் இறங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனார். ஆபீசருக்கு இங்கே என்ன வேலை என்று எங்கள் பக்கம் வாதம். வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. அவருடைய வக்கீல் சின்ன வயசுக்காரர், இங்கிலீஷ் அவ்வளவு சுத்தம் இல்லை. அதனால்தானோ என்னவோ, கடிதத்தில் வார்த்தைகளை விட்டுவிட்டு மேல் மூலையைப் பார்த்திருக்கிறார். பதவி உயர்வுக் கடிதத்தின் நம்பர் நாற்பத்தொன்று. ஆறு மாதம் கழித்து வந்த விலக்கல் கடிதத்தின் நம்பர் நாற்பத்திரண்டு. இடைப்பட்ட ஆறு மாதத்தில் எங்கள் மில்லிலிருந்து வேறு ஒரு கடிதம்கூட வெளியே போகவில்லையா? டெஸ்பாட்ச் ரிஜிஸ்தரையும் அதை எழுதிய ஆளையும் கொண்டுவரச் சொல்லி கோர்ட்டிலிருந்து உத்தரவு வந்தது.

யாரும் எனக்குச் சிலை வைத்துவிட வேண்டாம். நான் திட்டம் போட்டு அந்த நம்பரைப் போடவில்லை. ஹெட்கிளார்க் ஒரு மாதம் கத்திய கத்தல், அவ்வளவுதான். மேனேஜர் வார்த்தைகளையே பார்த்துப் பழகியவர். மூலையில் கிடந்த நம்பர் அவர் கண்ணில் படவே இல்லை.

கோர்ட்டுக்குப் போவதற்கு முதல் நாள் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். சாசர் வைத்த கோப்பை வந்தது.

"கிளரிக்கல் எர்ரர்னு ஒரு வார்த்தை இருக்கு, மிஸ்டர் சுந்தரம். ரொம்ப நல்ல வார்த்தை. யாரையும் புண்படுத்தாது. நம்பர் தப்பா விழுந்துடுச்சு, ரிஜிஸ்தர்ல அப்புறமா எழுதினேன். அவ்வளவுதான் நீங்க சொல்லணும்." கண்ணாடியைத் துடைத்தார். "காபி ஆறுது."

குடிக்கவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். குடித்தேன்.

மறுநாள் கூண்டில் ஏறி நின்றேன். ரிஜிஸ்தரைத் திறந்து காட்டி, "இந்த இரண்டும் எப்போது தட்டியது?" என்று வக்கீல் கேட்டார். எங்கள் மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முத்துக்கருப்பன் கடைசி பெஞ்சில். அவர் என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சத்தம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று அவர் கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இந்த மனுஷனையா தகுதி போதாதவர் என்று தட்டினேன்!

"ஒரே நாள்ல தட்டினேன் சார். ரெண்டையும் ஒரே உட்காரல்ல தட்டினேன். அவருக்குப் பதவி கொடுத்த அன்னைக்கே அனுப்புற லெட்டரும் ரெடியா இருந்துச்சு."

சொல்லி முடித்ததும் எனக்குச் சொல்ல முடியாத ஒரு நிம்மதி. பாவத்தைக் கழுவிவிட்டேன் என்றே நினைத்தேன். என் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் சொல்லும் வேகத்துக்குச் சுருக்கெழுத்து எழுத வேறு ஆள் மதுரையில் கிடைக்கவில்லை. கேண்டீனில் தோளில் தட்டினார்கள். யூனியன்காரர்கள் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குடித்தேன்.

அவர் செய்ததெல்லாம் பிட்டர் வேலையே, பதவி உயர்வு வெறும் சூழ்ச்சி என்று தீர்ப்பு வந்தது. பழைய வேலையில் மறுபடி சேர்க்க வேண்டும். மேனேஜர் முகம் மாறாமல் கடிதம் சொன்னார். மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம் என்று தொடங்கி மூன்று பத்தி. நம்பர் போட்டேன். தட்டினேன். ஒரு வரியில்கூட முள் இல்லை என்று மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

முத்துக்கருப்பன் ஆபீஸுக்கு வந்தார். மூன்று வருஷத்தில் தலை பாதி வெளுத்திருந்தது. நான் எழுந்து நின்று, "வாங்கண்ணே" என்றேன். கடிதத்தை எடுத்து விரித்தேன். எல்லா வரியையும் இன்றைக்கு உரக்க வாசித்துவிட வேண்டும் என்று ஆசையோடு தொண்டையைச் செருமினேன்.

அவர் கையை நீட்டிக் கடிதத்தை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார். நான்காக மடித்தார்.

"நீங்க படிக்க வேணாம் சார். எம் மக படிச்சுச் சொல்லுவா. காலேஜை நிறுத்துனாலும் இம்புட்டு இங்கிலீசு அதுக்குத் தெரியும்."

கையெழுத்தை எங்கே போட வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்டார். காட்டினேன்.